பேழை நம்மிடம், திறவுகோல் யாரிடம்?

இல்லந்தோறும் இன்று ஒரு படப்பேழை உண்டு. மணவிழா, மழலையின் முதல் நடை, கடல் கடந்து செல்லும் மகனை வழியனுப்பும் தாயின் முகம் ஆகிய யாவும் அதனுள் அடங்கியுள்ளன. பேழை நம்முடையது, ஆயின் அதன் திறவுகோல் நம் கையில் உள்ளதா? இவ்வினாவையே ஈண்டு எழுப்ப விழைகின்றோம்.

எம் குடும்பத்தில் நிகழ்ந்ததொன்றைச் சான்றாகக் கூறுவோம். 1993ஆம் ஆண்டு நடந்த நிக்காஹ் ஒன்று வி.எச்.எஸ். ஒளிநாடாவில் பதிவாகியிருந்தது. மணமகளை வாழ்த்தும் உம்மம்மாவின் குரல் எஞ்சியிருப்பது அந்நாடாவில் மட்டுமே. அதனைக் கணினிக் கோப்பாக மாற்றி, பேரன் கைப்பேசியில் எடுத்த அண்மைக் காட்சிகளோடு இணைத்து, அரைமணி நேரப் படமாகத் தொகுக்க முயன்றோம். ஒரு மென்பொருள் படத்தைக் காட்டியது, ஒலியைத் தரவில்லை. மற்றொன்றில் ஒலி வந்தது. திரை இருண்டு கிடந்தது. மூன்றாவதில் இரண்டும் வந்தன. எனினும் உதடு அசைந்து முடிந்த பின்னரே சொல் கேட்டது. பாதி முடிந்த தொகுப்பை வேறொரு கணினிக்குக் கொண்டு சென்றபோது, அங்கிருந்த மென்பொருள் அதனைத் திறக்கவே மறுத்துவிட்டது.

இதற்குக் காரணம் யாது? எம்.பி.4, ஏ.வி.ஐ. என்பன வெறும் உறைகளே. உறையினுள் படமும் ஒலியும் எம்முறையில் சுருக்கப்பட்டுள்ளன என்பது வேறு செய்தி. 2003இல் வெளிவந்த எச்.264 முறையை அறிந்த மென்பொருள், 2013இல் வந்த எச்.265 முறையை அறியாதிருக்கலாம். மேலும், நம் நாட்டில் வழங்கிய பால் முறை நாடா, நொடிக்கு 25 படச்சட்டங்கள் எனச் சீராக ஓடுவது. கைப்பேசியோ வெளிச்சத்திற்கேற்ப அவ்வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிவதுண்டு. மென்பொருள் இதனை உணராவிடின் படமும் ஒலியும் பிரிந்துபோகின்றன. இனி, தொகுப்புக் கோப்பிலோ பெரும்பாலும் படமே இருப்பதில்லை. எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்னும் குறிப்புகளே உள்ளன. அவற்றை ஒவ்வொரு மென்பொருளும் தனக்கே உரிய முறையில் எழுதி வைக்கின்றது.

இத்துன்பம் புதிதன்று. 1975இல் வந்த பீட்டாமேக்ஸ் நாடா, 1976இல் வந்த வி.எச்.எஸ். கருவியில் நுழையாது. தமிழ் பயில்வோர்க்கு இதனினும் அணுக்கமான சான்று ஒன்றுண்டு. 1990களில் எழுத்துருவுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. ஒருவர் தட்டச்சு செய்த கட்டுரை, மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாய்க் காட்சியளித்தது. 1999இல் தாம், தாப் குறியீடுகள் வகுக்கப்பட்டன; 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எழுத்துக்குப் பிறந்த விடிவு காட்சித் தொகுப்புக்கும் பிறக்க வேண்டாவா?

வணிக நிறுவனம் தன் உழைப்பைக் காத்துக்கொள்வது குற்றமோ எனச் சிலர் வினவலாம். குற்றமன்று. கருவியை அவர்கள் விற்கட்டும். நாமும் விலை கொடுப்போம். ஆனால் நம் வீட்டு நினைவுகளை அக்கருவியிடம் அடகு வைக்க வேண்டும் என்பது எவ்வகை நீதி? அனைவரும் படித்துப் பயன்படுத்தத்தக்க திறந்த முறைகள் இல்லாமலில்லை. இழப்பின்றிப் படத்தைச் சேமிக்கும் எஃப்.எஃப்.வி.1 என்னும் முறையின் விளக்கம் 2021இல் பொதுவில் வெளியிடப்பட்டது. மென்பொருள் வாங்குமுன் அதன் வண்ணங்களைக் காண்பதோடு நில்லாது, "எம் வேலையை வேறிடம் கொண்டு செல்ல இயலுமா?" என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

அதுவரை நாம் செய்யத்தக்கன சில. மூலப்பதிவை ஒருபோதும் அழித்தல் கூடாது. மீண்டும் மீண்டும் சுருக்குவதால் படத்தின் தெளிவு தேயுமாதலின், மாற்றங்களைப் படியில் மட்டுமே செய்தல் வேண்டும். முடிந்த படத்தைப் பலரும் திறக்கத்தக்க வடிவில் ஈரிடங்களிலேனும் காத்தல் நன்று. நாடா வைத்திருப்போர் காலம் தாழ்த்தலாகாது, வி.எச்.எஸ். ஒளிப்பதிவுக் கருவிகளை இறுதிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016இலேயே அவ்வுற்பத்தியை நிறுத்திவிட்டது.

மாணவச் செல்வங்களே! ஓலையிற் கிடந்த நூல்களைத் தேடியெடுத்து அச்சேற்றிய பெரியோர்க்கு நாம் கடன்பட்டுள்ளோம். உங்கள் வீட்டு அலமாரியிலும் ஓர் ஏடு காத்திருக்கக்கூடும். எம் உம்மம்மாவின் வாழ்த்து இன்றும் உதட்டுக்குப் பிந்தியே ஒலிக்கின்றது. நாடா உளுத்துப்போகுமுன் அதனை நேர்செய்துவிட வேண்டும் என்பதே எம் அவா.