பத்திரிகை பேர் இருக்கிறது, நிருபர் இல்லை

ஒரு பத்திரிகை கடைசி இதழோடுதான் சாகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். வேல்ஸில் உள்ள எஃகு ஆலை நகரமான போர்ட் டால்போட் வேறு கதை சொல்கிறது. அங்கே 'போர்ட் டால்போட் கார்டியன்' வார இதழ் 2009இல் நின்றுபோனது. பத்திரிகையாளர் ரேச்சல் ஹவெல்ஸ், கார்டிஃப் பல்கலைக்கழக முனைவர் பட்டத்துக்காக அந்த ஊரைப் பற்றி வந்த பழைய செய்திகளை ஆராய்ந்தார். நிருபர் நேரில் போய் எழுதிய செய்திகள், இதழ் மூடப்படுவதற்கு வெகு முன்பே அருகத் தொடங்கியிருந்தன. உள்ளாட்சி மன்றக் கூட்டத்துக்குப் போக ஆள் இல்லை. அதிகாரிகள் அனுப்பிய செய்திக்குறிப்பு அப்படியே பக்கம் ஏறியது. இதழ் நின்ற பிறகு ஊர் வதந்தியை நம்பிக் காலம் தள்ளியது.

இதை நினைவூட்டக் காரணம், ஆட்குறைப்பை இன்னும் நாம் கணக்குப்பிள்ளை போல எண்ணிக்கையாகவே எழுதுகிறோம் என்பதுதான். பிரிட்டனில் 'மான்செஸ்டர் ஈவினிங் நியூஸ்', 'லிவர்பூல் எக்கோ' ஆகியவற்றை நடத்தும் ரீச் நிறுவனம் 2023 நவம்பரில் 450 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அச்சு விற்பனை சரிவதால் இணையத்துக்கு மாறி, கிளிக்கை நம்பி விளம்பரம் விற்ற நிறுவனம் அது. பேஸ்புக் செய்திகளைப் பின்னுக்குத் தள்ளியதும் அந்த வருமானமும் ஆட்டம் கண்டது. இரண்டு அடிக்கும் பலியானது செய்திப்பிரிவுதான். பத்திரிகைப் பேர்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

காலியான இடத்தை நிரப்ப, பிபிசி மக்கள் கட்டும் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்திலிருந்து சம்பளம் கொடுத்து உள்ளாட்சி நிருபர்களை 2018 முதல் அமர்த்திவருகிறது. அவர்கள் வேலை பார்ப்பது பெரும்பாலும் ஆட்களைக் குறைத்த அதே நிறுவனங்களில்! ஆனாலும் திட்டம் பயனுள்ளது. நூற்றுக்கணக்கான பக்கமுள்ள கூட்டக் கோப்பைப் படித்து, பின்னிணைப்பில் புதைந்த ஒப்பந்தத் தொகையைப் பிடிக்க ஒருவராவது உட்கார்ந்திருக்கிறார். நீதிமன்றம் அவர்கள் வேலையில் சேர்த்தியில்லை. அங்கே நிருபர் உட்காரும் பெஞ்ச் காலிதான்.

நம் ஊரில் தாலுகா நிருபர் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. விளம்பரம் பிடித்துத் தரும் பொறுப்பு மட்டும் உண்டு. அப்படி ஒருவர் விலகினால் ஆட்குறைப்புக் கணக்கில்கூட வரமாட்டார். ஆகவே பத்திரிகையாளர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். நிர்வாகம் ஆட்குறைப்புப் பட்டியலை நீட்டும்போது எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த நகராட்சிக்கு, எந்த நீதிமன்றத்துக்கு இனி ஆள் போகமாட்டார் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதை அந்த ஊர்ப் பதிப்பிலேயே அச்சிடச் சொல்லுங்கள்.