கடவுச்சீட்டில் டெனே எழுத்துகள்

உறைவிடப் பள்ளிகள் பறித்த பெயர்களைப் பழங்குடியினர் கட்டணமின்றிக் கடவுச்சீட்டில் மீட்டுக்கொள்ளலாம் என்று 2021 ஜூனில் கனடா அரசு அறிவித்தது. அப்பள்ளிகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015இல் தன் 17ஆம் பரிந்துரையில் கேட்டதும் இதைத்தான். வரவேற்கிறோம். ஆனால் பெயரை ரோமன் எழுத்திலும் சில பிரெஞ்சுக் குறிகளிலும் மட்டுமே எழுதலாம் என்ற நிபந்தனையை ஏற்க முடியாது.

வடமேற்குக் கனடாவின் டெனே பழங்குடி மொழிகளில் ஒன்றான ஸ்லேவியில் உயர்தொனிக்கு உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இடுவார்கள். ரோமன் 'e' எழுத்தின் மேல் அந்தக் கோடு பிரெஞ்சிலும் இருப்பதால் அது தப்பிக்கிறது. 'a', 'i', 'o' மேல் வந்தால் உதிர்கிறது. மூக்குயிருக்கு அடியில் இடும் கொக்கி எங்குமே நிற்காது. பெருங்கரடி ஏரிக்கரையிலுள்ள டெலினெ, கோட்டை ஃபிராங்க்ளின் என்ற பெயரை 1993இல் களைந்து தன் பெயரை மீட்ட ஊர். அதன் பெயரிலேயே தொனிக்கோடு பிழைக்கும், கொக்கிகள் போய்விடும். ஸ்லேவியின் வட்டார வழக்குகள் ஒலியில் வேறுபடும்: தென் ஸ்லேவியில் பல்லொலியாக வருவது மலை வழக்கில் இதழொலி, கரடி ஏரி வழக்கில் இதழ்குவிந்த கடையண்ண ஒலி. இந்த வேறுபாடுகளை எழுதச் சாதாரண ரோமன் எழுத்துகளே போதும். வழக்குகள் அனைத்துக்கும் பொதுவான தொனிக்கோடும் கொக்கியும் குரல்வளை அடைப்பொலியும்தான் வெட்டுப்படுகின்றன. 1980களின் இறுதியில் டெனே எழுத்துத் தரப்படுத்தலில் உழைத்தவர்கள் ஒன்றுசேர்த்ததை ஒரு படிவம் கலைத்துவிடுகிறது.

குரல்வளை அடைப்பொலிக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 2014இல் வடமேற்குப் பிரதேசத்தில் சிப்பேவியன் என்னும் டெனே இனத்தைச் சேர்ந்த ஒரு தாய் தன் மகளின் பெயரில் அந்த எழுத்தைக் கேட்டார். பிறப்புப் பதிவகம் மறுத்தது. சிப்பேவியன் மொழி அப்பிரதேசத்தின் 11 ஆட்சிமொழிகளில் ஒன்று! அவ்வெழுத்தின் பெரிய வடிவம் 2005இலேயே யூனிகோடு 4.1இலும், சிறிய வடிவம் 2006இல் 5.0இலும் ஏறிவிட்டன. எட்டு ஆண்டுகள் கழித்தும் முடியாது என்றார்கள் என்றால், குறை கணினியில் இல்லை. சட்டத்தில் ஆட்சிமொழி என்று எழுதிவிட்டு, அதன் எழுத்தைக் குழந்தையின் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது எந்த ஊர் நியாயம்?

கடவுச்சீட்டுத் தரம் வகுக்கும் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் 9303 ஆவணத்தைக் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை. குறியற்ற ரோமன் எழுத்தை அது கட்டாயமாக்குவது இயந்திரம் படிக்கும் பகுதிக்கு மட்டுமே. கண்ணால் படிக்கும் பகுதியில் ஒலிக்குறிகளுக்கு இடம் உண்டு; நாட்டு மொழி எழுத்தையும் ரோமன் வடிவத்தோடு சேர்த்து அச்சிடலாம்.

தொழில்நுட்பத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மூக்கொலியும் உயர்தொனியும் சேரும் உயிர்களுக்கு யூனிகோடில் தனிக் குறியீட்டெண் கிடையாது. சேர்ப்புக் குறிகளாகவே வரும். எழுத்துருவும் தரவுத்தளமும் அமைக்கும் வாசகர்களே, உங்கள் பெயர்ப் புலங்கள் அவற்றை உதிர்க்காமல் வாங்குகின்றனவா என்று இப்போதே சோதியுங்கள்.