பரணில் கிடக்கும் துப்பாக்கி!

தாத்தா பட்டாளத்தில் ஆபீசராக இருந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊருக்கு வந்தவர், டிரங்குப் பெட்டியில் மெடலோடு ஒரு கைத்துப்பாக்கியும் வைத்திருந்தார். லைசென்சு அவர் பேரில் இருந்தது. தாத்தா போய்விட்டார். லைசென்சும் அவரோடு போய்விட்டது. துப்பாக்கி மட்டும் பரணில் கிடக்கிறது.

இப்படியும் சில வீடுகள் உண்டு. "தாத்தா ஞாபகம், இருந்துட்டுப் போகட்டுமே" என்பார் பேரன். பழைய பட்டாளத்துத் துப்பாக்கி என்றால் ஆசைப்பட்டு வாங்கிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆசை தப்பில்லை. ஆனால் சட்டம் ஆசையைப் பார்க்காது.

ஜெயில் நிச்சயம்

1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்தை 2019 டிசம்பரில் கடுமையாக்கி விட்டார்கள். லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 வருஷம் ஜெயில். தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 7 முதல் 14 வருஷம்! வெள்ளைக்கார அதிகாரிகள் இடுப்பில் செருகிய .455 'வெப்ளி' ரிவால்வர் அந்தத் தடை ரகம்தான். முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம். இப்போது 2 தான். பரம்பரைத் துப்பாக்கியும் இந்தக் கணக்கில் சேரும்.

"துருப்பிடித்த இரும்புதானே?" என்று கேட்கலாம். ரிப்பேர் செய்தாலும் சுடாது என்கிற பழைய துப்பாக்கிக்குத்தான் சட்டத்தில் விலக்கு. அரும்பொருள் வகைத் துப்பாக்கியை வைத்திருக்க லைசென்சு வேண்டாம் என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. அதை வெளியே எடுத்துப் போக, சுட லைசென்சு வேண்டும். உங்கள் துப்பாக்கி எந்த வகை என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ள முடியாது. உள்ளே ஒரு தோட்டா மிச்சம் இருந்து, குழந்தை கையில் கிடைத்தால் என்ன ஆகும்?

கொடுத்தால் போய்விடுமா?

போகாது. இதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. லைசென்சுதாரர் இறந்தால், வாரிசு தாமதம் செய்யாமல் போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கலாம். பிறகு தன் பேரில் லைசென்சு வாங்கித் திரும்பப் பெறலாம். வேண்டாம் என்றால் லைசென்சு உள்ளவருக்கு விற்கலாம். குறித்த கெடுவுக்குள் எதுவும் செய்யாவிட்டால்தான் சர்க்கார் எடுத்துக்கொள்ளும்.

அப்படியும் ஏன் யாரும் வருவதில்லை? பயம்தான். "இத்தனை நாள் எங்கே வெச்சிருந்தே?" என்று போலீசார் கேட்டால் என்ன சொல்வது? பயந்தவர் என்ன செய்வார்? ராத்திரியில் கிணற்றில் போடுவார், அல்லது தெரியாத ஆளிடம் விற்பார். விற்ற துப்பாக்கி நாளை எந்த ரவுடி கையில் இருக்கும்? ராணுவ அதிகாரிகளுக்குத் தந்த பழைய ஆயுதங்களே ராஜஸ்தானில் வியாபாரிகள் கைக்குப் போய், விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை வந்தது.

கெடு கொடுங்கள்

1966 முதல் திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை நடக்கிறது. துப்பாக்கி செய்கிற ஊரிலேயே துப்பாக்கிச் சட்டம் ஜனங்களுக்குத் தெரியவில்லை என்றால் வேடிக்கைதான்!

2019-ல் மூன்றாவது துப்பாக்கியை ஒப்படைக்க ஒரு வருஷம் கெடு கொடுத்தார்கள். இறந்தவர் துப்பாக்கியை வைத்துக்கொண்டு விழிக்கும் குடும்பங்களுக்கும் அப்படி ஒரு கெடு வேண்டும். "தானாக வந்து கொடுத்தால் கேஸ் இல்லை, ரசீது உண்டு" என்று சர்க்கார் சொல்லட்டும். பாலக்கரை போலீஸ் நிலையத்திலும், ஸ்ரீரங்கம் போலீஸ் நிலையத்திலும் தமிழில் போர்டு வைக்கட்டும்.

அதுவரை பரணில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சும்மா இருக்கக் கூடாது. ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படையுங்கள். தாத்தா மெடல் வாங்கினார். பேரன் விலங்கு வாங்க வேண்டாம்!