யார் கட்டிய கயிறு?

"அதெல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து விவகாரம், ஸார். நம்ம மயிலாப்பூரிலே ஏது ஜாதி?" என்றார், என் வீட்டுக்கு வந்திருந்த நண்பர்.

விவகாரம் இதுதான். 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் விடவில்லை. ஜாதியைச் சொல்லித் தன்னைத் துன்புறுத்தியதைப் பள்ளியில் முறையிட்டான்; அதுவே அவன் செய்த குற்றம். பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் மாணவர்களுக்கு வேண்டாம். பள்ளிகளின் பெயரிலும் ஜாதி வேண்டாம் என்றது. நெற்றிக்குறி என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நண்பர் பொரிந்து தள்ளினார்.

அந்த நேரம் என் பையனைத் தேடி அவன் வகுப்புத் தோழன் வந்தான். நண்பர் கனிவோடுதான் விசாரித்தார்: "அப்பா பேர் என்ன? சொந்த ஊர் எது? வீட்டிலே கறி, மீன் உண்டா?" மூன்றாவது கேள்விக்குப் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். இந்தக் கேள்வியை எதனால் வெட்டுவது? நாங்குநேரிப் பிள்ளைகள் அரிவாளோடு பிறக்கவில்லை. பெரியவர்கள் பேசியதைக் கேட்டு வளர்ந்தார்கள். நம் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் பையனும் கேட்டான். நானும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேனே!

சட்டம் வரும்போது வரட்டும். உங்கள் வீட்டுக்கு ஒரு பையன் வந்தால், "என்ன படிக்கிறாய்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாகத்துக்கு மோர் கொடுங்கள். உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கும் அதே டம்ளரில்.