கடை வாசலைத் திருப்பினால் வியாபாரம் திரும்புமா?

 

வாஸ்துவோடு இப்போது சீனாவின் பெங் சுயியும் கடைகளுக்குள் வந்துவிட்டது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் காசைக் கவ்விய மூன்றுகால் தவளை, அலுமாரிக்கு மேல் சிரிக்கும் புத்தர். வைப்பவர் வைக்கட்டும், அது அவரவர் விருப்பம். ஆனால் வியாபாரம் படுத்துவிட்டது என்று நகையை அடகு வைத்து வாசலை உடைத்துத் திருப்பும் அளவுக்குப் போனால், நாம் பேசத்தான் வேண்டும்.

பெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். பின்னால் மலை, முன்னால் நீர், தெற்கே வாசல் என்பதுதான் அதன் பழைய இலட்சணம். சீனாவில் குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து வரும். அதை மறைக்க மலை, வெயிலை வாங்கத் தெற்கு வாசல். அந்த நாட்டுக்கு அது நியாயம்.

நமக்கு? மே மாதம் பிறந்தால் காற்றும் மழையும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கம் வாசல் வைத்தால் சாரல் சீனி மூட்டையில்தான். பின்னால் இருக்கும் மலையும் நமக்கு எப்போதும் காவல் அல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மூடியது மேலே இருந்த மலைதான். அங்கே ஆபத்து இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது.

இன்னொன்று. ஹொங்கொங் டிஸ்னிலாண்டில் பெங் சுயி நிபுணர் சொன்னபடி முன்வாசலை 12 பாகை திருப்பினார்கள். 2005இல் திறந்தார்கள். ஆண்டுக் கணக்கில் முதல் இலாபம் வந்தது 2012இல்தான். அவ்வளவு காலம் நட்டத்தைத் தாங்க அவர்களிடம் பணம் இருந்தது. நம்மிடம் இருப்பது அடகுச் சீட்டு.

ஆகவே, நம் காற்றையும் நீரையும் நாமே பார்ப்போம். பின்பக்க மண்மேட்டில் வெடிப்பு உண்டா? கான் அடைத்திருக்கிறதா? கூரை ஒழுகுகிறதா? உள்ளே வெளிச்சம் போதுமா? வயதானவர்கள் ஏறக்கூடிய படியா? புதிதாகக் கட்டுவோர் அந்த நிறுவனத்தின் மண்சரிவு அனுமதியை முதலில் எடுங்கள்.

முஸ்லிம் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. திசை நமக்குத் தொழுகைக்கு. சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் இல்லை. பரக்கத் வருவது தராசு நேராக நிற்கும் கடைக்கு. அதை எந்த மதத்து வாடிக்கையாளரும் ஒத்துக்கொள்வார்.

மழைக்கு முன் கானைத் துப்பரவாக்குங்கள். வாசல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.