நடு சீட்டில் ஒரு காதல்

"பஸ்ஸுக்கே காசில்லை, உனக்கு சூப்பர் கார் கேக்குதா?" என்று ஹாஸ்டலில் கிண்டல் பண்ணுகிறார்கள். ஆமாம், மெக்லாரன் எஃப்1 மீது எனக்குக் காதல்தான்!

முதலில் மயக்கியது, 1998-இல் அது தொட்ட 386 கிலோமீட்டர் வேகம். மனதில் நின்றதோ வேறு. டிரைவர் சீட் நட்டநடுவில்! இன்ஜின் அறையில் தங்கத் தாள்... பகட்டுக்கு அல்ல, சூட்டைத் தடுக்க! எல்லாவற்றுக்கும் ஒரு காரணம்.

வடிவமைத்த கார்டன் மர்ரே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு டெக்னிக்கல் காலேஜில் மெக்கானிக்கல் படித்தவர். 1969-இல் வேலை தேடி இங்கிலாந்து போனவர்.

இன்ஜினியரிங் சீட் கிடைக்காமல் டிப்ளமோவுக்கு வந்தவன் நான். "வெறும் டிப்ளமோதானா?" என்று கேட்டால் இப்போது தலை குனிவதில்லை. டிராயிங் ஹாலில் போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் "ஏன்?" என்று கேட்போம். கார் வாங்க முடியாமல் போகலாம். அப்படி யோசிக்க முடியுமே!