கம்ப்யூட்டர் வேகப் போட்டி தளர்ந்தது ஏன்?

பிள்ளைகளின் படிப்புக்குக் கம்ப்யூட்டர் வாங்கக் கள்ளக்குறிச்சி கடைத்தெருவுக்கு வருகிற பெற்றோர், "இது எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்று கேட்பது உண்டு. எண் பெரிதாக இருந்தால் கம்ப்யூட்டரும் உயர்ந்தது என்பது பலருடைய எண்ணம். அது பாதி உண்மைதான்.

கம்ப்யூட்டரின் மூளை, 'பிராசசர்' என்னும் சிறு சில்லு. நம் நாடியைப் போல அதற்கும் துடிப்பு உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் வேலை ஒரு படி நகரும். வினாடிக்கு 100 கோடி துடிப்பு என்றால் அது ஒரு கிகாஹெர்ட்ஸ்.

200 மடங்கு!

1981-ல் ஐ.பி.எம். விற்ற மேஜைக் கம்ப்யூட்டர் வினாடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் முறை துடித்தது. 2000 மார்ச்சில் ஏ.எம்.டி. கம்பெனி 100 கோடியைத் தொட்டது. இரண்டே நாளில் இன்டெல் கம்பெனியும் தொட்டது. 19 ஆண்டுகளில் 200 மடங்கு!

2004-ல் இன்டெலின் 'பென்டியம் 4' 380 கோடியை எட்டியது. ஆனால் 400 கோடித் துடிப்புள்ள பென்டியத்தை விற்கும் திட்டத்தை அதே ஆண்டில் இன்டெல் கைவிட்டது.

குறுக்கே வந்த சூடு

கல்வராயன் மலைப் பாதையில் பாரம் ஏற்றிய லாரியை விரட்டினால் இன்ஜின் கொதிக்கும் அல்லவா? சில்லுக்கும் அதே கதிதான். துடிப்பைக் கூட்ட மின் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். அப்போது உஷ்ணம் மளமளவென்று ஏறும். அந்தப் பென்டியம் 115 வாட் வரை சூட்டைக் கக்கியது. விரல் நகம் அளவுள்ள சில்லில் 100 வாட் குண்டு பல்பை மிஞ்சிய சூடு!

கை கூடியது

எனவே கம்பெனிகள் வழியை மாற்றின. கரும்பு வெட்ட ஒரே ஆளை விரட்டுவதைவிட நாலு ஆளை இறக்குவது மேல். அதுபோல ஒரே சில்லில் இரண்டு, நான்கு என்று மூளைகளை வைத்தார்கள். 2006-ல் வந்த இன்டெலின் 'கோர் 2 டுவோ'வின் துடிப்பு 300 கோடிக்கும் குறைவு. ஆனாலும் பழைய பென்டியத்தை அது எளிதில் முந்தியது. ஒரே துடிப்பில் அதிக வேலை முடிக்கும்படி அதை அமைத்திருந்தார்கள்.

ஆனால் எல்லா வேலையையும் பங்கிட முடியாது. வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸை நான்கு டிரைவர்கள் சேர்ந்து ஓட்ட முடியுமா? அதனால் வேகத்துக்கும் மதிப்பு இருக்கிறது. 2023-ல் இன்டெல் 600 கோடியைத் தொட்டது. அதுவும் உச்ச வேகம்தான். எந்நேரமும் அப்படி ஓடாது. 2004 முதல் 19 ஆண்டுகளில் இரண்டு மடங்குகூட ஏறவில்லை!

என்ன கேட்க வேண்டும்?

கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சில்லு எந்த ஆண்டில் வந்தது, எத்தனை மூளைகள், 'ராம்' எவ்வளவு, எஸ்.எஸ்.டி. உண்டா என்று கேளுங்கள். ஒரே ஆண்டில் வந்த, ஒரே இனச் சில்லுகளை ஒப்பிடும்போதுதான் அந்த எண் உதவும்.